பின்னறையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

வாசகியின் கடிதம், சுருக்கமாக

இவருக்கு வயது 31. பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டு ஒரு கடையில் ஏழு வருடம் பில் போடும் வேலை பார்த்தவர். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டார். இப்போது மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டதால் மறுபடி வேலைக்குப் போக நினைக்கிறார். அம்மாவின் பல் சிகிச்சைக்காக நாலைந்து முறை கிளினிக்குக்குத் துணைக்குப் போனபோது, டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவிய பெண்ணின் வேலை, அதாவது பல் மருத்துவ உதவியாளர் வேலை, இவருக்குப் பிடித்துவிட்டது.

இவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒரு பயிற்சி நிறுவனம் ஓராண்டுச் சான்றிதழ் படிப்பு நடத்துகிறது. முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்ட வேண்டும், 100 சதவீதம் வேலை உறுதி என்கிறார்கள். இன்னொரு பக்கம், தெரிந்த பல் மருத்துவர் ஒருவர், 'படிப்பெல்லாம் எதற்கு? என்னிடமே வந்து கற்றுக்கொள். ஆறு மாதம் சம்பளம் கிடையாது, அப்புறம் பார்க்கலாம்' என்கிறார். பள்ளிச் சான்றிதழ்களின் அசலையும் கேட்கிறார்.

தயக்கங்களையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அம்மாவுக்குப் பல் எடுத்த அன்று ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்திருக்கிறார். இடது கைப் பழக்கம் உள்ளவர். இரண்டாவது குழந்தை வேண்டும் என்று நினைப்பதால் கணவருக்கு எக்ஸ்ரேயை எண்ணி பயம். கடைசியில் ஒரு கேள்வி: 'பத்து வருடம் அனுபவம் சேர்ந்தால், பல் சுத்தம் செய்வது, பல் அடைப்பது எல்லாம் நானே செய்யலாம்தானே?'

அன்புள்ள வாசகிக்கு,

குறை என்று நினைத்து ஒரே வரியில் நீங்கள் எழுதிவிட்டுப் போன விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன்: இடது கை.

சாய்ந்து படுத்திருக்கும் நோயாளியின் முகத்தை மேலிருந்து பார்க்கும் ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். உச்சந்தலை 12 மணி, மோவாய் 6 மணி. வலது கைப் பழக்கமுள்ள டாக்டர் 7 முதல் 12 வரையுள்ள பக்கத்தில் உட்காருவார். உதவியாளர் எதிர்ப்பக்கம், 2 முதல் 4 மணிக்குள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் வலது கை நோயாளியின் தலைப்பக்கம் வரும், இடது கை மார்புப்பக்கம் வரும். வலது கை, வாயில் சேரும் எச்சிலையும் நீரையும் உறிஞ்சும் சக்‌ஷன் குழாயைப் பிடித்திருக்கும். கருவிகளை எடுத்துக் கொடுப்பது, வாங்குவது, அடுத்ததைத் தயாராக வைப்பது எல்லாம் இடது கையின் வேலை. வலது கைக்காரப் பெண்கள் இதைப் பழக வாரக்கணக்கில் தடுமாறுவதை என் கிளினிக்கில் இருபது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது. நேர்முகத் தேர்வில் மறைக்காமல் சொல்லுங்கள்.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

நீங்கள் அம்மாவோடு போனபோது பார்த்தது இந்த வேலையின் பாதி. அந்தப் பாதி அழகானதுதான். டாக்டரும் உதவியாளரும் நான்கு கைகளாகச் சேர்ந்து செய்யும்போது, டாக்டர் நோயாளியின் வாயிலிருந்து கண்ணை எடுக்கவே வேண்டியதில்லை. கையை நீட்டினால் வேண்டிய கருவி வேண்டிய பக்கம் திரும்பிய நிலையில் விரலுக்குள் வந்து அமரும். ஊசியை நோயாளியின் கண்ணுக்குத் தெரியாமல் மோவாய்க்குக் கீழாக நகர்த்திக் கொடுப்பது, நாக்கு குறுக்கே வரும்போது மெல்ல ஒதுக்கிப் பிடிப்பது, சிமென்ட்டை அரை நிமிடத்துக்குள் குழைத்து அதன் பளபளப்பு மங்குவதற்குள் நீட்டுவது என்று ஒவ்வொன்றிலும் கைநேர்த்தி இருக்கிறது.

மற்ற பாதி பின்னறையில் நடக்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. என் கணிப்பில் அதுதான் பெரிய பாதி. ஒரு நோயாளி எழுந்து போனதும் பயன்படுத்திய கருவிகளைத் தடித்த கையுறையோடு எடுத்துக்கொண்டு போய்க் கழுவி, ஒலியதிர்வால் அழுக்கை நீக்கும் அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டு, அலசி, உலர்த்தி, பவுச் என்ற காகித உறையில் அடைத்து, அழுத்த நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைக்க வேண்டும். 121 டிகிரி செல்சியஸ் என்றால் குறைந்தது 15 நிமிடம், உறையிட்ட கருவிகளுக்கு அதைவிடக் கூடுதல். 134 டிகிரியில் ஓடும் இயந்திரம் என்றால் 3 நிமிடத்திலிருந்து. இதில் சூடேறுவதற்கும் உலர்வதற்கும் ஆகும் நேரம் சேராது. நோயாளிகள் வரிசையில் காத்திருக்கும்போது அவசரப்பட்டு ஈரத்தோடு பவுச்சை வெளியே எடுத்தால், அந்த ஈரக் காகிதம் வழியாகவே கிருமி உள்ளே போய்விடும்.

இன்னொரு தவறான நம்பிக்கையையும் இப்போதே உங்கள் மனதிலிருந்து எடுத்துவிடுகிறேன். பவுச்சின் மேலுள்ள கோடு நிறம் மாறிவிட்டால் கருவி சுத்தமாகிவிட்டது என்று வருடக்கணக்கில் வேலை பார்த்தவர்கள்கூட நினைக்கிறார்கள். அந்த நிறமாற்றம், பவுச் சூட்டில் இருந்தது என்பதை மட்டும்தான் சொல்லும். கிருமி உண்மையில் செத்ததா என்று தெரிந்துகொள்ள, எளிதில் சாகாத ஒருவகை பாக்டீரியாவின் வித்துகளை ஆட்டோகிளேவுக்குள் வைத்து எடுத்து, அவை வளர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை செய்ய வேண்டிய இந்த ஸ்போர் சோதனையை ஒரு கிளினிக் ஒழுங்காகச் செய்து பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறது என்றால், அந்த ஒரு நோட்டிலிருந்தே அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று நான் சொல்லிவிடுவேன்.

இவ்வளவு நீளமாக இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் இரண்டு வழிகளையும் இந்தப் பின்னறையை வைத்துத்தான் எடைபோடச் சொல்லப் போகிறேன்.

பயிற்சி நிறுவனமா, டாக்டரிடம் நேரடியாகவா?

முதலில் நிறுவனம். '100 சதவீதம் வேலை' என்பதை யாரும் உறுதியாகத் தர முடியாது. அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தச் சான்றிதழை எந்த அமைப்பு அங்கீகரித்திருக்கிறது? ஓராண்டில் எத்தனை மணி நேரம் உண்மையான நோயாளிகளோடு நாற்காலிப் பக்கம் நிற்க விடுவீர்கள்? போன வருடம் படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள், இரண்டு பேரிடம் நான் பேசலாமா? மூன்றாவது கேள்விக்கு இழுத்தால் அதுவே பதில். அப்புறம், கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். ஆட்டோகிளேவே இல்லாத இடத்தில் இந்தப் படிப்பைச் சொல்லித்தர முடியாது. வெறும் படத்தைக் காட்டலாம். கட்டணத்தைத் தவணையாகக் கட்ட அனுமதி கேளுங்கள். நடுவில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இனி அந்த டாக்டர். வேலை பார்த்துக்கொண்டே கற்பதை நான் மட்டமாக நினைக்கவில்லை. என்னிடம் இருந்த மிகத் திறமையான உதவியாளர் அப்படி வந்தவர்தான். ஆனால் ஆறு மாதம் சம்பளமில்லாமல் என்பது அதிகம். ஓரிரு வாரம் சும்மா உட்கார்ந்து பார்ப்பது நியாயம், உங்களுக்கும் அது நல்லது. அதற்குப் பிறகு கருவி கழுவுகிறீர்கள், ட்ரே அடுக்குகிறீர்கள், நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் நீங்கள் வேலை செய்கிறீர்கள், அதற்குச் சம்பளம் உண்டு. சிறிய தொகையாகவே இருக்கட்டும், எப்போதிலிருந்து எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். 'அப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லித் தொடங்கிய ஏற்பாடுகள் எப்படி முடிந்தன என்று பலரிடம் கேட்டிருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டு வைக்காதீர்கள். காட்டலாம், நகல் கொடுக்கலாம். அசலைப் பிடித்து வைப்பது நீங்கள் விலகிப் போகாமல் கட்டிப்போடுவதற்கு மட்டுமே. மறுத்ததும் அவர் முகம் மாறினால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

இரண்டில் எது என்று கேட்டால், நான் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வேன். முதலில் இரண்டு வாரம் அந்த டாக்டரிடமோ வேறொரு கிளினிக்கிலோ பார்வையாளராக இருங்கள். இந்த வேலை ஒத்துவருமா என்று தெரிந்துவிடும், மயக்கப் பிரச்சினைக்கும் விடை கிடைக்கும். பிடித்திருந்தால், அங்கீகாரமுள்ள படிப்பில் சேர்ந்துகொண்டு பகுதி நேரமாக ஒரு கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். சான்றிதழ் இல்லாமல் கற்றது அந்த ஒரு கிளினிக்குக்கு மட்டுமே செல்லும். நாளை வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போக நேர்ந்தால் அதை எடுத்துக்காட்ட ஒரு காகிதமும் கையில் இருக்காது. பிரிட்டனில் இந்த வேலைக்கு டென்டல் நர்ஸ் என்று பெயர். பயிற்சியில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் அங்கே இந்த வேலையைச் செய்ய முடியாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். உங்கள் இடத்தின் பல் மருத்துவக் கவுன்சில் என்ன சொல்கிறது என்பதைப் பணம் கட்டும் முன் நேரில் கேட்டுவிடுங்கள்.

பத்து வருட அனுபவம் டாக்டராக்காது

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் வேறு படிப்பு, வேறு பதிவு. பல் செட் செய்யும் டெக்னீஷியன் வேறு. பல் அடைப்பது, ஊசி போடுவது, பல் எடுப்பது எல்லாம் பல் மருத்துவரின் வேலை. உதவியாளராக எத்தனை வருடம் இருந்தாலும் ஒன்று தானாக இன்னொன்றாக மாறாது. சில நாடுகளில் கூடுதல் பயிற்சியும் தேர்வும் முடித்த உதவியாளர்களுக்குச் சில கூடுதல் வேலைகளை அனுமதிக்கிறார்கள். அதுவும் சட்டம் எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான்.

ஆபத்து உங்கள் ஆசையிலிருந்து வராது, டாக்டரின் பக்கத்திலிருந்து வரும். கூட்டமான ஒரு சாயங்காலத்தில், 'நீதான் நன்றாகச் செய்கிறாயே, அவருக்குப் பல் சுத்தம் செய்யும் ஸ்கேலிங்கை முடித்துவிடு' என்று டாக்டரே சொல்வார். பாராட்டு மாதிரி இருக்கும். ஏதாவது தவறினால் மாட்டிக்கொள்வது நீங்கள் இருவரும், அடிபடுவது நோயாளி. 'டாக்டர், அது எனக்கு அனுமதி இல்லாத வேலை. ட்ரே தயாராக வைக்கிறேன், நீங்கள் வந்து செய்யுங்கள்' என்று சொல்லப் பழகிக்கொள்ளுங்கள். அதைக் கேட்டுக் கோபப்படும் டாக்டர்களும் உண்டு, மறுநாளிலிருந்து உங்களைக் கூடுதலாக மதிப்பவர்களும் உண்டு.

அதற்காக வளர்ச்சியே இல்லை என்று நினைக்க வேண்டாம். பல் சீரமைப்பு, குழந்தைகள் பல் மருத்துவம், தாடையில் செயற்கைப் பல் பொருத்தும் இம்ப்ளான்ட், வாய் அறுவை சிகிச்சை என்று ஒவ்வொரு துறையிலும் கைதேர்ந்த உதவியாளர்களுக்குத் தேவை இருக்கிறது. பெரிய கிளினிக்குகளில் கிருமிநீக்கப் பொறுப்பாளர், கிளினிக் மேலாளர் என்று போகலாம். ஹைஜீனிஸ்ட் ஆகத்தான் ஆசை என்றால் அதற்கு என்ன தகுதி கேட்கிறார்கள் என்று இப்போதே விசாரியுங்கள். 31 வயது அதற்குத் தாமதம் இல்லை.

கடையில் பில் போட்ட அனுபவம் இங்கே எதற்கு என்று நினைத்திருப்பீர்கள். பல்லுக்குப் பல் எண் இருக்கிறது. உலகின் பெரும்பகுதியில் பயன்படும் முறையில் வாயை நான்காகப் பிரித்து இரண்டு இலக்கம் கொடுப்பார்கள்: முதல் இலக்கம் எந்தப் பகுதி, இரண்டாவது அந்தப் பகுதியில் எத்தனையாவது பல். அந்த முறையில் 16 என்றால் நோயாளியின் வலது மேல் முதல் கடைவாய்ப்பல். அமெரிக்காவில் 1 முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணுவார்கள். அந்த முறையில் அதே 16 இடது மேல் ஞானப்பல். ஒரு எண்ணைத் தப்பாக எழுதினால் தப்பான பல்லுக்கு எக்ஸ்ரே போகும், சில சமயம் தப்பான பல்லே போய்விடும். குறியீட்டு எண்ணைச் சரிபார்க்காமல் பில் போடாத உங்கள் ஏழு வருடப் பழக்கத்தை நான் சான்றிதழுக்குச் சமமாக எடுத்துக்கொள்வேன்.

ரத்தம் கண்டால் மயக்கம்

மற்ற பயங்களில் நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ரத்தத்தைப் பார்த்து வரும் மயக்கத்தில் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, அதனால் தலைசுற்றி விழுகிறோம். எனவே 'மூச்சை இழுத்து விட்டு உடம்பைத் தளர்த்திக்கொள்' என்று அன்றைக்கு உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது இந்த மயக்கத்துக்கு உதவாது. செய்ய வேண்டியது நேர்மாறானது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 நொடி இறுக்குங்கள், முகத்தில் சூடு ஏறுவது தெரியும். பிறகு இறுக்கத்தை விட்டு 20, 30 நொடி இருங்கள். இப்படி ஐந்து முறை. வீட்டில் தினமும் சில தடவை பழகுங்கள். பழகிய பிறகு பல் எடுக்கும் வீடியோவைச் சில நொடிகள் பார்ப்பதில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள்.

வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதீர்கள். உதவியாளர் பெரும்பாலும் உட்கார்ந்தே வேலை செய்வதும் உங்களுக்குச் சாதகம். இவ்வளவு செய்தும் மயக்கம் விடவில்லை என்றால் மனநல ஆலோசகரைப் பாருங்கள், இதற்குப் பலன் தரும் சிகிச்சை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு நாற்காலியில் இருந்தது உங்கள் அம்மா. அறிமுகமில்லாத ஒருவரின் வாய்க்குப் பக்கத்தில், கையில் சக்‌ஷனோடு, அடுத்து என்ன கொடுக்க வேண்டும் என்ற யோசனையில் இருக்கும்போது மனம் வேறு மாதிரி இருக்கும்.

எக்ஸ்ரேயும் ஊசியும்

உங்கள் கணவரின் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் இருந்த எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர், 1885 வாக்கிலேயே கிளினிக்கில் பெண் உதவியாளரை வேலைக்கு வைத்த முன்னோடி. பல் எக்ஸ்ரேயிலும் முன்னோடி அவர்தான். ஆபத்து தெரியாத அந்தக் காலத்தில் தன் கையைத் திரும்பத் திரும்பக் கதிரில் காட்டி, புற்றுநோய் வந்து விரல்களையும் பிறகு கையையும் இழந்தார். இன்றைய கருவிகளில் கதிரின் அளவு அதோடு ஒப்பிடவே முடியாதபடி குறைவு. ஆனாலும் அவர் கதையிலிருந்து வந்த விதி மாறவில்லை: கதிர் பாயும்போது உங்கள் உடம்பில் எந்தப் பகுதியும் அதன் பாதையில் இருக்கக் கூடாது. நோயாளியின் வாயில் ஃபிலிமையோ சென்சாரையோ நீங்கள் பிடித்துக்கொள்ளக் கூடாது, குழந்தை அழுதாலும்கூட. தடுப்புச் சுவர் இருந்தால் அதன் பின்னால் நில்லுங்கள். இல்லையென்றால் 2 மீட்டராவது தள்ளி, கதிரின் நேர்ப்பாதையை விட்டு விலகி நில்லுங்கள்.

கர்ப்பம் உறுதியானதும் உடனே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு கர்ப்பகாலம் முழுவதும் கருவுக்குச் சேரும் கதிர் 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. ஒழுங்காக விலகி நிற்கும் பல் கிளினிக் ஊழியருக்குக் கிடைப்பது அதைவிட மிகக் குறைவு. சட்டையில் அணியும் கதிர் அளவிடும் பேட்ஜைக் கேட்டு வாங்குங்கள். மயக்க வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு பயன்படுத்தும் இடமாக இருந்தால், வெளியேறும் வாயுவை உறிஞ்சி அகற்றும் ஏற்பாடு இருக்கிறதா என்று எக்ஸ்ரேயைவிட முதலில் அதைக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், கணவர் பயப்பட வேண்டியது ஊசிமுனையைப் பார்த்து. தடுப்பூசி போடாத ஒருவருக்கு, ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) உள்ள நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால் தொற்று வரும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். எச்ஐவிக்கு அது சுமார் 0.3 சதவீதம். என் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையாலும் மூடி போடப் போய்க் கட்டை விரலில் குத்திக்கொண்டார். பரிசோதனை முடிவுகள் வரும்வரை அவர் பட்ட பாட்டை நான் மறக்கவில்லை. மூடி போட வேண்டிய நிலை வந்தால் மூடியை ட்ரேயில் வைத்து ஒரே கையால் ஊசியை அதற்குள் நுழைக்க வேண்டும் என்பதை முதல் நாளே நான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும். அது என் தவறு. குத்திவிட்டால் பிதுக்காதீர்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே சொல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 'திட்டுவாரோ' என்று மறைத்து வைத்த நேரமெல்லாம் வீணான நேரம்.

முதுகைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கண்மட்டம் டாக்டரின் கண்மட்டத்தைவிட 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி ஸ்டூலை ஏற்றி, கால்களை அதன் வளையத்தில் ஊன்றி உட்காருங்கள். எட்டிப் பார்க்கக் குனிந்துகொண்டே இருந்தால் ஐந்தாறு வருடத்தில் கழுத்து பேசத் தொடங்கிவிடும்.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் டோஸைப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது டோஸ் ஒரு மாதம் கழித்து, மூன்றாவது ஆறாவது மாதத்தில். முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுத்து வையுங்கள். அப்புறம் அந்த டாக்டரைப் போய்ப் பாருங்கள். சம்பளப் பேச்சை எடுக்கும் முன், 'கருவி சுத்தம் செய்யும் அறையை ஒரு தடவை பார்க்கலாமா?' என்று கேளுங்கள். அவர் கதவைத் திறக்கிறாரா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.